பச்சை நூல் தைத்த மஞ்சள் கவுன்

காலை பத்தே முக்கால் மணிக்கு நான் காணாமல் போனேன். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் அம்மா. சந்நிதியிலிருந்து வெளியே வரும்போது கோயில் கடிகாரத்தைப் பார்த்தாளாம். மாமாவும் நானும் உட்கார்ந்திருக்க வேண்டிய பூக்கடை ஓரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்து கொட்டாங்குச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்ததாம். அந்தக் கடிகாரத்தையும் குரங்கையும் அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை நான் காணாமல் போகவே இல்லை. அந்த நேரத்தில் அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இத்தனை வருஷம் கழித்து எழுத வைத்தது ஒரு வாட்ஸப் செய்தி. நாங்கள் இருப்பது திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்ககம். போன வாரம் அதன் குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: பாபநாசம் யாத்திரை, வேனில் இடம் இருக்கிறது, தாமிரபரணியில் குளித்துவிட்டுப் போட்டிருக்கும் துணியை ஆற்றில் விட வேண்டும், ஆகவே மறக்காமல் மாற்றுத் துணி கொண்டு வரவும். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். போட்டவர்கள் எல்லோரும் நம் வயதுக்காரர்கள். பிள்ளைகளின் வேலைக்கு, கல்யாணத்துக்கு, உடம்புக்கு என்று ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. யாரையும் நான் குறை சொல்லவில்லை. கைகூப்பும் படம் மட்டும் என்னால் போட முடியவில்லை.

உங்களில் ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை வீடுகள் ஞாபகம் இருக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு. ஆனால் சாயங்காலம் அடுப்பு மூட்டினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஜில்லா மணக்கும். சங்கு ஊதினால் சைக்கிள்கள் வெள்ளமாக வரும். அந்த வெள்ளத்தில் அப்பாவை நான் சட்டைக் காலரை வைத்துக் கண்டுபிடிப்பேன். ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவர் தையல்காரர். காலரில் எப்போதும் பச்சை நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் ஒரு மிஷின் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பார். பிளவுஸ் என்றால் அந்தந்த நிற நூல் வாங்கிவரச் சொல்வார். எனக்குத் தைக்கும்போது மட்டும் அந்தக் கவலை இல்லை. பூந்தமல்லிக் கடைத்தெருவில் வாங்கிய செண்பகப்பூ மஞ்சள் துணியில் எனக்கொரு கவுன் தைத்தார். பெட்டியில் கிடந்த பச்சை நூலையே போட்டுத் தைத்தார். மஞ்சளுக்குப் பச்சையா என்று அம்மா கேட்டதற்கு, கை பச்சைக்கே பழகிவிட்டது, வேறு நூல் போட்டால் தையல் கோணுகிறது என்றார். கழுத்தைச் சுற்றி, கையைச் சுற்றி, இரண்டு பைகளைச் சுற்றி எறும்பு வரிசைபோலப் பச்சைத் தையல் ஓடும்.

அதோடு அது பெரிய கவுன். அப்பா எனக்கு எதையும் அளவுக்குத் தைத்ததில்லை. கீழே மூன்று விரல்கிடை துணியை உள்பக்கமாக மடித்து வைப்பார். நான் வளர வளர அதைப் பிரித்து இறக்கிவிட வேண்டும். முதல் நாள் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்தபடி கேட்டார்: "அண்ணே, பொண்ணுக்குத் தச்சியா, பொண்ணோட அம்மாவுக்கா?"

அப்பா சிரித்தார். "அடுத்த வருஷத்துக்கும் ஆகணும்ல."

அவர் எப்போதும் சொல்வது அதுதான்.

அந்தக் கவுனை நான் ஒரு வருஷம் கழற்றவே இல்லை என்று சொல்லலாம். துவைத்துக் காயும்வரை கொடியடியில் காத்திருப்பேன். வலது பையில் ஒரு பித்தளைப் பொத்தான் வைத்திருந்தேன். அப்பாவின் பெட்டியில் கிடந்தது. வெயிலில் பிடித்தால் விரல்களில் மஞ்சள் வெளிச்சம் விழும்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது திருமுல்லைவாயில் கோயில் குளத்தில் விழுந்தேன். பாசிப் படி. பிரதோஷக் கூட்டத்தில் யாரோ என் பின்னலைப் பிடித்துத் தூக்கினார்கள். தண்ணீருக்குள் கண் திறந்து பார்த்ததும், எல்லாமே கொத்தமல்லிச் சாறுபோலப் பச்சையாக இருந்ததும் எனக்குத் தெரியும். பயம் இல்லை. பயப்பட்டது அம்மா. அடுத்த நாளே ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த சோசியரிடம் ஜாதகத்தைக் கொண்டுபோனாள். தண்ணீரில் கண்டம், பத்து வயது தாண்ட வேண்டும் என்றார் அவர்.

அதன்பிறகு எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் அம்மா நின்றாள். குளியல் என்றால் ஈரத்துண்டால் துடைப்பதுதான். மழை பெய்தால் கதவைச் சாத்துவாள். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கிறது என்று எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கூட்டிக்கொண்டு போனபோது, என்னை மட்டும் அம்மா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தாள். பேன் பார்ப்பதுபோலப் பாவனை. விரல்கள் அசையவே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. அம்மாவும் அவரும் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எல்லோரும் ஊர் ஊராகப் பேசும்போது அம்மாவும் மாமாவும் மட்டும் இந்த மண்ணின் பேச்சைப் பேசுவார்கள். அம்மா அதைக் கொஞ்சம் அடக்கி வைத்திருப்பாள். மாமாவைப் பார்த்ததும் அது அவிழ்ந்துவிடும்.

சோசியர்தான் பரிகாரமும் சொன்னார். பாபநாசம் போய்த் தாமிரபரணியில் குழந்தையை முழுக்காட்ட வேண்டும். உடம்போடு ஊறின துணி எதுவோ அதைப் போட்டுக் குளிக்க வைத்து, அந்தத் துணியை ஆற்றோடு விட்டுவிட வேண்டும். தண்ணீரால் வருவது தண்ணீரோடு போய்விடும். புதுத்துணி கூடாது.

மாமாவுக்கு இது பிடிபடவில்லை. "தண்ணில கண்டம்ன்றான். அப்பால தண்ணிலயே முக்கி எடுன்றான். இன்னாக்கா கணக்கு இது?"

"வாய மூட்றா. உனக்கு இன்னா தெரியும்?"

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. முழுப் பரீட்சை லீவின் கடைசி நாட்களில் அம்மா, மாமா, நான் மூவரும் கிளம்பினோம். திருநெல்வேலி வரை ரயில், அங்கிருந்து பஸ். அவ்வளவு பெரிய மலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பஸ் அதை நோக்கிப் போகப் போக அது தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

படித்துறையை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். ஈரக் கற்பூரம், நல்லெண்ணெய், அழுகிய செவ்வந்தி, எல்லாவற்றுக்கும் மேலே மலைத் தண்ணீரின் இரும்பு வாசனை. கோயிலுக்கு எதிரே படிகள் அப்படியே ஆற்றுக்குள் இறங்கிவிடும். கை நீள மீன்கள் படியோரம் வந்து பொரிக்காக வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வயலுக்கு அணையில் திறந்துவிட்டிருக்கிறார்கள், சங்கிலியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு துணிகள். அதை எந்தக் கோயில் புத்தகமும் சொல்வதில்லை. படிகளில், பாறை இடுக்குகளில், நாணலில், சங்கிலியில், எங்கே பார்த்தாலும் துணி. வேட்டி, புடவை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை. தண்ணீருக்கு அடியிலும் துணிதான். கால் வைத்தால் கல்லுக்குப் பதில் வழவழவென்று ஏதோ நழுவும். யார் யாரோ விட்டுப்போன நோயையும் கடனையும் மிதித்துக்கொண்டுதான் நான் ஆற்றில் இறங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சேறு என்றுதான் நினைத்தேன்.

பொத்தானை எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அதில் உள்ளது எதையும் எடுக்கக் கூடாது என்றாள். பரிகாரம் செய்துவைத்தவர் மந்திரம் சொல்லச் சொல்ல, அம்மா என் இரண்டு தோள்களையும் பிடித்து முக்கி எடுத்தாள். அவள் நகங்கள் பதிந்த இடம் ஊருக்குப் போன பிறகும் எரிந்தது. படியிலேயே கவுனைக் கழற்றினாள். வேறு பாவாடை சட்டை போட்டுவிட்டாள். கவுனைத் தன் கையாலேயே தண்ணீரில் வைத்தாள்.

"விட்டாச்சா? திரும்பிப் பாக்காமப் படி ஏறுங்க" என்றார் அவர்.

நான் பார்த்தேன். கவுன் உள்ளே காற்றடைத்து உப்பிக்கொண்டு, ஒரு குழந்தை குப்புற நீந்துவதுபோல, இரண்டு கைகளையும் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. சங்கிலியில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அதன் அடியில் நுழைந்து வளைவில் திரும்பிவிட்டது.

சத்திரத்துக்கு வந்ததும் அழ ஆரம்பித்தேன். அம்மா முதலில் அதட்டினாள், பிறகு கொஞ்சினாள். கண்டம் போய்விட்டது, இனிமேல் நீ மழையில் நனையலாம் என்றாள். எனக்கு மழை வேண்டாம், கவுன்தான் வேண்டும். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அழுவாத கண்ணு. நாளைக்கி மாமாகூட டவுனுக்கு வா, இத்தவிட சோக்கா ஒண்ணு வாங்கித் தரேன். உங்கப்பன் தச்சதெல்லாம் ஒரு கவுனா? மிலிட்டிரி கூடாரம் மாறி இருந்துச்சு."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அம்மா அபிஷேகத்துக்கு உள்ளே போனாள். நேரமாகும், பூக்கடையை விட்டு அசையாதே என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். மாமா கொஞ்ச நேரம் மீனுக்குப் பொரி போட்டார், கொஞ்ச நேரம் பீடி குடித்தார். அம்பாசமுத்திரம் பஸ் வந்து நின்றது. எங்கள் அக்கா வந்தால் சொல்லிவிடு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கிறேன் என்று பூக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை ஏற்றினார். பூ சீக்கிரம் விற்றுத் தீர்ந்ததும் பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

கடைக்காரர் துணி துணியாக எடுத்துப் போட்டார். மஞ்சள் இல்லை. கடைசியில் ரோஜா நிறத்தில் ஜிகினா வைத்த ஒரு கவுனை மாமா தேர்ந்தெடுத்தார். அங்கேயே போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில் படித்துறையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு மாமா விசாரித்துச் சொல்ல, துண்டு துண்டாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். அம்மா படிப்படியாகத் தேடி இறங்கினாள். குளித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கேட்டாள். ஒருவர் நிதானமாகத் திருப்பிக் கேட்டிருக்கிறார்: "பிள்ள என்ன சட்டைம்மா போட்டிருந்தா?"

"மஞ்ச கவுனு. பச்ச நூலு போட்டுத் தச்சது."

முந்தின நாள் தன் கையாலேயே தண்ணீரில் விட்ட கவுன். அன்று காலை எனக்கு நீலப் பாவாடை கட்டிவிட்டதும் அவள்தான். ஆனால் பிள்ளை என்று நினைத்தவுடன் அவள் மனசுக்குள் வந்து நின்ற பிள்ளை மஞ்சள் கவுனில்தான் இருந்தது. ஒரு வருஷம் அப்படியே பார்த்த கண். இதில் அவளை என்ன சொல்வது? என் பெண்ணைக் காணாமல் தேடும்போது என்ன சட்டை என்று யாராவது கேட்டால் நானும் அவளுக்குப் பிடித்த சட்டையைத்தான் சொல்வேன்.

கேட்டவர் முகம் மாறியதாம். பக்கத்திலிருந்த இளவட்டம்தான் சொல்லிவிட்டான், கீழ்த்துறையில் ஒரு பிள்ளையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், மஞ்சள் சட்டை என்று.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூட்டம் ஆற்றோரமாக ஓடுவதைப் பார்த்தோம். மாமா ஒரு பெரியவரை நிறுத்திக் கேட்டார். மெட்ராசுக்காரங்க பிள்ளை, ஆத்தோட போயிட்டுது, தாய்க்காரி அங்கே கிடந்து அழுகிறாள் என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு எங்கேயோ விழுந்தது.

கீழ்த்துறை என்பது ஊர்க்காரர்கள் புழங்கும் இடம். மேலே விட்ட துணிகள் எல்லாம் ஆற்றின் வளைவில் அங்கேதான் வந்து ஒதுங்கும். அதை வாரி அலசிப் பாறையில் காயப்போட்டுக் கட்டாகக் கட்டி விற்பவர்கள் இருந்தார்கள். பாறை முழுக்க அப்படி விரித்த துணிகள். அவற்றுக்கு நடுவே அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் நான் இருந்தேன்.

அப்படித்தான் எனக்குத் தோன்றியது. என் கவுன். என் தையல். முகம் தெரியவில்லை, முடியும் பாசியும் அப்பியிருந்தன. அம்மா அதன் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவள் பேச்சில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தது. "உன்ன நானே இட்டாந்து குடுத்துட்டேனேடி, என் கண்ணு. நானே இட்டாந்து குடுத்துட்டேனே."

"அம்மா" என்றேன். கேட்கவில்லை.

"யக்கா" என்று மாமா கத்தினார். "இங்க கீதுக்கா புள்ள. இங்க பாருக்கா."

அம்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். ரோஜா நிறக் கவுனில் இருந்த என்னை அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. அந்த ஒரு கணத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு மடியைப் பார்த்தாள். முடியை ஒதுக்கினாள். என் வயதுதான், அல்லது ஒரு வயது குறைவு. மேலுதட்டில் ஒரு மச்சம். அம்மா வெடுக்கென்று எழுந்தாள். மடியிலிருந்த தலை பாறையில் பட்டது. பெரிய சத்தம் இல்லை. தேங்காயைத் தரையில் வைப்பதுபோல ஒரு சத்தம்.

என்னை வந்து அணைத்துக்கொண்டாள். அவள் சேலை முழுக்க அந்தப் பெண்ணின் ஈரம். என் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "போச்சுடி, கண்டம் போச்சுடி, அது எடுத்துகினு போயிடுச்சுடி" என்றாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். சுற்றி நின்றவர்களில் ஒரு பெரியவர் மட்டும் குனிந்து அந்தத் தலையை நேராக வைத்தார்.

அதற்கப்புறம் வந்தவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் வேறெதையும் எழுத வராது.

அன்று மாலையே ஊரை விட்டுக் கிளம்பினோம். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. கவுனை ஆற்றில் விட்டதை மட்டும் சொன்னார்கள். நல்ல கவுனாச்சே, மடிப்பு இன்னும் இரண்டு தடவை பிரிக்கலாமே என்றார் அவர். மாமா அன்று வாசலில் நின்றபடியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. வந்தாலும் கேலி இல்லை.

அம்மாவுக்கு மட்டும் பயம் விட்டுப்போயிற்று. மழையில் ஆடு என்றாள். எல்லாப் பிள்ளைகளோடும் ஏரிக்குப் போகச் சொன்னாள். சோசியருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். நான்தான் போகவில்லை. குடத்துத் தண்ணீரில் என் முகம் தெரிந்தாலே மேலுதட்டைத் தொட்டுப் பார்ப்பேன்.

அவள் உண்மையிலேயே நிம்மதியாக இருந்தாள் என்று வெகுகாலம் நம்பினேன், அதற்காக அவள்மேல் கோபமாகவும் இருந்தேன். என் மகள் பிறந்த பிறகு ஒரு மத்தியானம். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று சொன்னாள்: "அந்தப் பொண்ணு பேரு இன்னான்னு கூட கேக்காத வந்துட்டோம் இல்ல."

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். அந்தத் தலையை அவள் இத்தனை வருஷமும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு வேறு மாதிரி. எங்கள் அடுக்ககத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. மகள் நீந்தும்போது ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். "அம்மா, இடுப்பளவு தண்ணிமா, என் ஃப்ரெண்ட்ஸ்லாம் சிரிக்கிறாங்க" என்பாள். சிரிக்கட்டும். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை அவளுடைய துணிகள். பிறந்ததிலிருந்து அவள் போட்ட ஒன்றையும் நான் வெளியே கொடுத்ததில்லை. பரண் முழுக்கப் பெட்டிகள். ஏரியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் தண்ணீர் நின்ற வருஷம், கீழே மேஜை போட்டுப் பழைய துணி சேர்த்தார்கள். நான் கடைக்குப் போய்ப் புதுசாகவே வாங்கி வந்து கொடுத்தேன். பெரிய மனசு என்றார்கள். என் வீட்டுக்காரருக்குக்கூடக் காரணம் தெரியாது. அவள் உடம்போடு ஊறின ஒரு சட்டை வேறொரு குழந்தையின் மேல் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. எந்தக் குழந்தைக்காகப் பயப்படுகிறேன் என்பதுதான் சில சமயம் குழம்பிவிடுகிறது.

ஜாதகம், கண்டம் எல்லாம் இப்போது நான் நம்புவதில்லை. அணை திறந்த தண்ணீர் வேகமாக வந்தது, பாறை வழுக்கியது, மிதந்து வந்த ஏதோ துணியை எட்டிப் பிடிக்கப் போன குழந்தை தவறிவிட்டாள். அவ்வளவுதான். இதை எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவள் அந்தக் கவுனின் பைக்குள் கைவிட்டுப் பார்த்திருப்பாள். பொத்தானை எடுத்து வெயிலில் பிடித்திருப்பாள். ஒரு சாயங்காலமும் ஒரு காலையும் அது அவளுடையதாக இருந்திருக்கும்.

வந்தவள் அந்தப் பெண்ணின் தாய். தலையில் ஈரத்துணிக் கட்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் விலகியது. அவள் ஓடி வரவில்லை. கட்டை இறக்கிப் பாறைமேல் வைத்தாள், அது சரிந்து விழாமல் ஒரு கல்லை அண்டை கொடுத்தாள், பிறகுதான் உட்கார்ந்தாள். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்திலிருந்த பாசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். கவுன் முட்டிக்கு மேலே சுருண்டு கிடந்தது. அதை இழுத்துக் கால்வரை மூடிவிட்டாள். கால் முழுக்க மூடியது. பாதமும் மூடியது.

அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அம்மாவின் சேலையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் தோளை, என் உயரத்தை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். நான் இடுப்பு வழியாக எட்டிப் பார்த்தேன்.

"ஒங்க பிள்ள சட்டையாம்மா?" என்றாள்.

அம்மா முந்தானையை இழுத்து அந்த ஈரத்தை மூடினாள்.

அந்தத் தாய் கவுனின் அடி ஓரத்தைப் பிடித்து, உள்ளே மடித்திருந்த துணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நேத்து ஆத்துல வந்துச்சு. நல்ல தையலா இருக்கேன்னு விக்காம இவளுக்கு எடுத்து வச்சேன். கொஞ்சம் பெருசுதான். பிடிச்சுத் தைக்கலாம்னுதான் ஊசிய எடுத்தேன். அடுத்த வருசத்துக்கும் ஆகும்லா, அதான் அப்படியே போட்டு விட்டேன்."